விளையாட்டைக் கேட்டுக் கருவி வாங்குவோம்

பள்ளி விடுமுறை நெருங்கினால் ஜொகூர் பாருவின் கணினிக் கடைகளில் பெற்றோரிடம் பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் இரண்டு பொருள்கள்: கேமிங் கீபோர்டு, கேமிங் மவுஸ். பெட்டிக்கு வெளியே வண்ண விளக்கு, பெட்டியின் மேல் பெரிய பெரிய எண்கள். விலையும் அந்த எண்களுக்கு ஏற்றபடியே ஏறுகிறது. ரேசர் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட ஹன்ட்ஸ்மன் வி3 புரோ கீபோர்டின் அமெரிக்க அறிமுக விலை 250 டாலர். அதே ஆண்டு லாஜிடெக் கொண்டுவந்த ஜி புரோ எக்ஸ் சூப்பர்லைட் 2 மவுஸின் அறிமுக விலை 159 டாலர். நம் வெள்ளிக்கு மாற்றிக் கூட்டிப் பார்த்தால், 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் ஒருவரின் ஒரு மாத வருமானம் ஏறக்குறைய அப்படியே கரைந்துவிடும். மலிவான கருவிகளும் உண்டு. ஆனால் அவையும் இந்த உச்சத்தைக் காட்டித்தான் விற்கப்படுகின்றன. இவ்வளவு கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா என்று முடிவு செய்ய விளம்பரத்துக்கு வெளியே ஓர் அளவுகோல் தேவை. அந்த அளவுகோல் பழைய கணினி விளையாட்டுகளிடம் இருக்கிறது என்பதே என் வாதம். எந்தக் கருவி நமக்கு உண்மையிலேயே வேண்டும், எது வேண்டாம் என்பதை அவற்றை மறுபடி எடுத்து ஆடும்போதுதான் தெளிவாகக் கண்டுகொள்ள முடியும்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ஐ எடுத்துக்கொள்வோம். 1999-இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட இந்த வியூக விளையாட்டு இன்றும் உலகமெங்கும் ஆடப்படுகிறது. அதை இத்தனை காலம் வாழவைத்ததில் ஆட்டக்காரர்களின் பங்கு பெரிது. நிறுவனம் புதிதாக எதுவும் தராமல் இருந்த ஆண்டுகளில் ரசிகர்கள் சிலர் கூடித் தாங்களே புதிய நாகரிகங்களை உருவாக்கிச் சேர்த்தார்கள். அவர்களின் உழைப்பே 2013-இல் அதிகாரபூர்வ விரிவாக்கமாக வெளிவந்தது. 2016-இல் மலாய் நாகரிகம் சேர்ந்தது. 2019-இல் முழு விளையாட்டும் புதுப்பிக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் திராவிடர் என்ற நாகரிகம் வந்தது. சுருள்வாள் வீரர்கள், திரிசடை என்ற போர்க்கப்பல், முதலாம் ராஜேந்திர சோழனின் வரலாற்றை ஒட்டிய தனித் தொடர் எல்லாம் அதில் உண்டு. ராஜேந்திரனின் கடாரம் கொண்டவன் என்ற பட்டத்தைத் தமிழ்ப்பள்ளியில் கேட்டு வளர்ந்த ஒரு மலேசியப் பிள்ளைக்கு இதைவிட நெருக்கமான கணினி விளையாட்டு அரிது. பிறந்து ஏறத்தாழ 23 ஆண்டுகள் கழித்தும் ஒரு விளையாட்டு புதிதாக ஒரு நாகரிகத்தை ஏற்றுக்கொள்ள முடிகிறதென்றால் அதன் அடித்தளம் அவ்வளவு உறுதியானது என்று பொருள். உணவு, மரம், பொன், கல் என்ற நான்கு வளங்களை எப்போது, எதற்குச் செலவிடுவது என்ற ஓயாத கணக்குதான் அந்த அடித்தளம். அந்தக் கணக்கைப் போட விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை.

இதற்கு அந்த விளையாட்டை உருவாக்கியவர்களிடமிருந்தே சான்று கிடைக்கிறது. பால் பெட்னர், மார்க் டெரானோ என்ற இரு நிரலாளர்கள் 2001-இல் தங்கள் அனுபவத்தைக் கட்டுரையாக எழுதினார்கள். அன்றைய தொலைபேசி மோடம் மிக மெதுவானது. ஆயிரக்கணக்கான படைவீரர்களின் இருப்பிடத்தை அதன் வழியே நொடிக்கு நொடி அனுப்ப முடியாது. எனவே ஆட்டத்தில் இருக்கும் எல்லாக் கணினிகளும் ஒரே போரைத் தனித்தனியே நடத்தும்; இடையில் பயணிப்பது ஆட்டக்காரர்களின் கட்டளைகள் மட்டும். ஒவ்வொரு கட்டளையும் சற்றுத் தள்ளியே நிறைவேறும். அந்தத் தாமதம் 250 மில்லி வினாடி வரை இருந்தபோது ஆட்டக்காரர்கள் அதை உணரவே இல்லை என்றும், 500-ஐத் தாண்டிய பிறகுதான் உறுத்தத் தொடங்கியது என்றும் அவர்கள் பதிவு செய்தார்கள். இப்போது கடைப் பெட்டியில் உள்ள எண்ணுக்கு வருவோம். சாதாரண யூஎஸ்பி மவுஸ் நொடிக்கு 125 முறை கணினிக்குத் தகவல் அனுப்புகிறது. அதாவது 8 மில்லி வினாடிக்கு ஒரு முறை. 1,000 முறை அனுப்பும் மவுஸில் இந்த இடைவெளி 1 மில்லி வினாடி. இன்று பெருமையாக விற்கப்படும் 8,000 முறை மவுஸ் அதை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கிறது. 60 ஹெர்ட்ஸ் திரை அடுத்த படத்தைக் காட்டவே சுமார் 16.7 மில்லி வினாடி எடுத்துக்கொள்ளும் வீட்டில், 250 மில்லி வினாடித் தாமதத்தையே உணராத கைக்கு, ஒரு மில்லி வினாடிக்கும் குறைவான லாபத்தைத்தான் நூற்றுக்கணக்கான வெள்ளி கொடுத்து வாங்குகிறோம்.

அதே கட்டுரையில் இன்னொரு கண்டறிதலும் உண்டு. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. சில நேரம் வேகமாகவும் சில நேரம் மெதுவாகவும் வரும் பதிலைவிட, சீராக மெதுவாக வரும் பதிலையே ஆட்டக்காரர்கள் விரும்பினார்கள். கை ஒரு தாளத்துக்குப் பழகிக்கொள்கிறது; தாளம் மாறினால்தான் தடுமாறுகிறது. கீபோர்டும் மவுஸும் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டிய குணம் இந்தச் சீர்மைதான். ஒரு முறை அழுத்தினால் ஒரு முறை பதிய வேண்டும். மேசையில் நகர்த்திய தூரம் திரையில் அப்படியே தெரிய வேண்டும். ஐந்து ஆண்டு கழிந்தும் அது மாறக் கூடாது.

கருவி ஒரு பொருட்டே அல்ல என்று இதற்குப் பொருளில்லை. பழைய விளையாட்டுகள் கருவியிடம் கறாராகச் சில கேட்கின்றன. விளம்பரத்தில் அவற்றைப் பற்றிப் பேச்சே இருக்காது. இன்று நாகரிகமாகிவிட்ட குட்டிக் கீபோர்டுகளைப் பாருங்கள். எண்பகுதியும் மேல்வரிசை எஃப் விசைகளும் இல்லாமல் அழகாக, சிறியதாக இருக்கும். ஆனால் 2002-இல் வந்த வார்கிராஃப்ட் 3-இல் நாயகன் சுமக்கும் ஆறு பொருள்களும் எண்பகுதியின் 7, 8, 4, 5, 1, 2 விசைகளில்தான் இருக்கின்றன. அதன் மேல் எழுந்த டோட்டா வரைபடத்தை நாடெங்கும் சைபர் கஃபேக்களில் ஆடிய தலைமுறைக்கு அந்த விசைகள் விரல் நுனியில் நிற்பவை. 1998-இன் ஹாஃப் லைஃபில் எஃப்6 அழுத்தினால் ஆட்டம் சேமிக்கப்படும், எஃப்7 அழுத்தினால் சேமித்த இடத்துக்குத் திரும்பலாம். விசைகளை மாற்றியமைக்க முடியும்தான். ஆனால் பழகிய கையோடு பழைய ஆட்டத்துக்குத் திரும்ப நினைப்பவருக்கு முழு அளவுக் கீபோர்டே ஏற்றது. அது பெரும்பாலும் மலிவானதும்கூட. இன்னொரு தேவை, பல விசைகளை ஒரே நேரத்தில் அழுத்துவது. அண்ணனும் தம்பியும் ஒரே கீபோர்டின் இரு முனைகளில் அமர்ந்து ஆடும் சண்டை விளையாட்டுகளில் மலிவான ரப்பர் தகட்டுக் கீபோர்டு திணறும். உள்ளே விசைகளை இணைக்கும் கட்டச் சுற்று மூன்று நான்கு விசைகளுக்கு மேல் சேர்ந்து விழுந்தால் குழம்பிவிடும். தம்பி உதைத்த உதை திரைக்கு வராது. கடையிலேயே இதைச் சோதிக்கலாம். இரண்டு ஷிஃப்ட் விசைகளையும் பிடித்துக்கொண்டு ஒரு நீண்ட வாக்கியத்தை அடியுங்கள். எழுத்துகள் விடுபட்டால் அந்தக் கீபோர்டின் எல்லை தெரிந்துவிடும்.

இதற்கு வரும் வலுவான மறுப்பு மின்விளையாட்டுப் போட்டிகளைப் பற்றியது. கவுன்டர் ஸ்ட்ரைக் போன்ற துப்பாக்கி ஆட்டத்தில் கண்ணிமைக்கும் நேரமே வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும், அங்கே நல்ல மவுஸ் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் நல்ல மவுஸ் என்பது எது? உணர்திறன் 30,000 டிபிஐ என்று பெட்டியில் போட்டிருந்தாலும், கவுன்டர் ஸ்ட்ரைக்கின் தொழில்முறை ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் 400 அல்லது 800-இல் வைத்துத்தான் ஆடுகிறார்கள். அந்த அளவைப் பிசகாமல் தரும் மவுஸ் இன்று நடுத்தர விலையிலேயே கிடைக்கிறது. விலையுயர்ந்த கீபோர்டில் வரும் சில வசதிகள் போட்டியில் செல்லுபடியாவதும் இல்லை. எதிரெதிர் திசை விசைகளைத் தானே சமாளித்துத் தரும் வசதியை ரேசர் 2024-இல் கொண்டுவந்தது; அடுத்த மாதமே, ஆகஸ்டில், கவுன்டர் ஸ்ட்ரைக்கை வெளியிடும் வால்வ் நிறுவனம் தன் அதிகாரபூர்வ சர்வர்களில் அத்தகைய தானியங்கி உதவிகளுக்குத் தடை விதித்தது. நம் நாட்டின் ஆரஞ்சு அணி 2013-இல் சியாட்டலில் நடந்த டோட்டா 2 உலகப் போட்டியில் மூன்றாம் இடம் பிடித்தபோது, இன்றைய இந்த வசதிகளில் பலவும் சந்தைக்கே வந்திருக்கவில்லை.

ஒவ்வொரு முன்னேற்றத்தையும் தொடக்கத்தில் வேண்டாம் என்றுதானே சொன்னார்கள் என்று இன்னொரு கேள்வி எழலாம். நியாயமான கேள்வி. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் கொண்டுவந்த சவுண்ட் பிளாஸ்டர் அட்டை, பெரும்பாலும் பீப் ஒலியோடு நின்றிருந்த கணினி விளையாட்டுக்கு இசையும் குரலும் தந்தது. 1999-இல் மைக்ரோசாப்ட் பரவலாக்கிய ஒளிவழி மவுஸ், அழுக்கேறிச் சிக்கும் உருண்டையிலிருந்து எல்லோரையும் விடுவித்தது. இவை உண்மையான பாய்ச்சல்கள். அதுவரை செய்யவே முடியாத ஒன்றைச் செய்ய வைத்தன. எண்ணை மட்டும் பெருக்குவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பழைய ஆட்டத்தின் முன் அமர்ந்தால் உடனே புலப்படும். பழையதைத் தேடுவது வெறும் ஏக்கம் என்பவர்களும் உண்டு. ராஜேந்திரன் தொடரை இன்று ஆடும் பதின்ம வயதுப் பிள்ளை 1999-இல் பிறக்கவே இல்லை. அந்தப் பிள்ளைக்கு ஏங்க அங்கே எதுவும் கிடையாது.

கருவியில் மிச்சப்படும் பணத்தை விளையாட்டுக்கே செலவிடலாம் என்பேன். 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று அங்குள்ள வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. யூபிசாப்ட் நிறுவனம் 2024 மார்ச் இறுதியில் சர்வரை அணைத்ததும், தி க்ரூ என்ற கார்ப் பந்தய விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கியவர்கள்கூட அதை ஆட முடியாமல் போயிற்று. குலாயிலும் செடெனாக்கிலும் தரவு மையங்கள் வரிசையாக எழும் மாநிலத்தில் வாழும் நமக்கு, எங்கோ ஒரு சர்வரை அணைத்தால் வீட்டில் ஒரு பொருள் செத்துவிடும் என்பது சட்டென்று புரிய வேண்டும். இணையத் துணையின்றி இயங்கும் பழைய விளையாட்டை முறையாகக் காசு கொடுத்து வாங்கி வைப்பது இன்று மிக எளிது. போலந்தின் ஜிஓஜி தளம் 2008 முதல் அதைச் செய்துவருகிறது.

கடைசியாக நம் ஊர் வெயிலும் ஈரமும். ஜொகூரின் காற்றில் ஆண்டு முழுக்க ஈரப்பதம் இருக்கிறது. மவுஸின் மேல் பூசிய மென்ரப்பர் இந்தத் தட்பவெப்பத்தில் நாளடைவில் பிசுபிசுத்துப் போகும். எனவே வெறும் பிளாஸ்டிக் மேற்பரப்பே நமக்கு நல்லது. பொத்தானுக்கு அடியில் இருக்கும் உலோகத் தகடு தேய்ந்தும் கறுத்தும் போனால் ஒரு சொடுக்கு இரண்டாகப் பதியத் தொடங்கும். தூக்கி எறியப்படும் மவுஸ்களில் பலவற்றுக்கு வந்த நோய் இது ஒன்றுதான், மாற்ற வேண்டிய உதிரிபாகமும் மிகச் சிறியது. கீபோர்டிலும் விசைக்கு அடியில் இருக்கும் சுவிட்ச்சை மாற்றலாம். செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் சுவிட்ச் காப்புரிமை காலாவதியான பின் கேட்ரான், கைல் போன்ற சீன நிறுவனங்கள் அதே வடிவில் சுவிட்ச்சுகளைச் செய்கின்றன. கையாலேயே பிடுங்கி மாற்றக்கூடிய சுவிட்ச் கொண்ட கீபோர்டு இன்று சாமானியர் வாங்கும் விலைக்கு வந்துவிட்டது. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், 37-ஆம் பிரிவில், பழுதுபார்க்கும் வசதியும் உதிரிபாகமும் நியாயமான காலம் வரை கிடைக்கத் தயாரிப்பாளரும் விற்பவரும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. கிடைக்காது என்று முன்கூட்டியே வாங்குபவருக்குத் தெரிவித்திருந்தால் மட்டும் விலக்கு. ஆகவே பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் கடைக்காரரிடம் இதைக் கேளுங்கள்: இதன் சுவிட்ச் தனியே கிடைக்குமா, எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கும்? பதிலை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். சொன்னபடி நடக்காவிட்டால், 5 வெள்ளி கட்டணத்தில் வழக்கறிஞர் இல்லாமலே பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் புகார் கொடுக்கலாம்.