சோதனைக்குப் போவது பாவ அறிக்கையல்ல

தியானப் பகுதி: லேவியராகமம் 13; லூக்கா 5:12–16



கடந்த செவ்வாய்க்கிழமை காலை அரசு மருத்துவமனை ஒன்றில், நம்பிக்கை மையத்தின் வாசலில் கிடந்த பெஞ்சில் அமர்ந்திருந்தேன். எச்.ஐ.வி. பரிசோதனையும் அதற்கான ஆலோசனையும் இலவசமாக அளிக்கப்படும் இடத்திற்குத் தமிழ்நாட்டில் வழங்கும் பெயர் அது. நம் சபையார் ஒருவர் அவ்வழியே வந்தார், என்னைக் கண்டார், காணாதவர்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு சென்றார். நான் பொங்கலூர் வந்து சேருமுன் செய்தி வந்து சேர்ந்திருந்தது. மாலைக்குள் மூன்று தொலைபேசி அழைப்புகள். முதலாமவர், "ஐயா, உடம்புக்கு ஒன்றுமில்லையே?" என்றார். இரண்டாமவர், "யாரையாவது கூட்டிக்கொண்டு போனீர்களா? நம் சபையில் யார் ஐயா?" என்றார். மூன்றாமவர் வயதில் மூத்தவர். "போதகர் போய் அங்கே உட்காரலாமா? சபையின் பெயர் என்னாவது?" என்று வருந்தினார்.

அன்று மூவருக்கும் நான் விடை கூறவில்லை. இன்று உங்கள் யாவருக்கும் கூறுகிறேன். சற்றுக் கடுமையாகவே கூறுகிறேன்; ஆயினும் அக்கடுமையின் முதற்பங்கு எனக்கே உரியது.

2009-ஆம் ஆண்டில், நான் அப்போது ஊழியம் செய்த சபையில், பனியன் கம்பெனியில் வேலை செய்த இளம் சகோதரர் ஒருவர் இருந்தார். மாதக்கணக்கில் விட்டுவிட்டு வந்த காய்ச்சல், வாய்ப்புண், உடல் மெலிவு. மும்முறை அவர் இல்லம் சென்று தலைமேல் கைவைத்து ஜெபித்தேன். "இரத்தப் பரிசோதனை செய்து பார்த்தீர்களா?" என்ற ஒரு கேள்வியை மட்டும் நான் கேட்கவில்லை. எந்தப் பரிசோதனை என்று என் மனம் அறிந்திருந்தது. ஆகவேதான் கேட்கவில்லை. அவரை அவமானப்படுத்தலாகாது என்று எண்ணினேன். அவர் மரித்தார். அடக்க ஆராதனையில் "கடுங்காய்ச்சல்" என்று சொன்னேன். ஆறு மாதங்களுக்குப் பின் அவருடைய மனைவிக்கும் தொற்று இருப்பது தெரிந்தது. அந்தச் சகோதரி எந்தக் கட்டளையையும் மீறியவர் அல்லர். கணவரையன்றி வேறொருவரை அறியாதவர்.

நம் நாட்டில் அரசு இதற்கான கூட்டு மருந்துகளை 2004 ஏப்ரல் 1 முதல் இலவசமாக வழங்கத் தொடங்கியது. முதலில் தொடங்கிய மருத்துவமனைகளுள் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. அதாவது, அச்சகோதரர் மரிப்பதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே மருந்து வந்திருந்தது. மருந்து இருந்தது, ஜெபமும் இருந்தது. இடையில் ஒரு கேள்வி மட்டும் இல்லை. அக்கேள்வியை விழுங்கியவன் நான். என் மௌனத்திற்கு மரியாதை என்று பெயர் சூட்டியிருந்தேன். அது கோழைத்தனம்.

இப்போது வேதத்திற்கு வாருங்கள். லேவியராகமம் 13-ஆம் அதிகாரத்தைச் சலிப்பான அதிகாரம் என்று நாம் தாண்டிப் போகிறோம். தோலில் தழும்பு கண்ட மனிதனை ஆசாரியன் பார்க்கிறான்; ஐயமிருந்தால் ஏழு நாள் காத்திருக்கச் செய்து மறுபடியும் பார்க்கிறான். ஊகத்தின்பேரில் தீர்ப்பளிக்க அவனுக்கு அதிகாரமில்லை. பார்த்து அறிந்த பின்னரே பேச வேண்டும். சோதித்தறிதல் தேவனுடைய பிரமாணத்தில் ஆசாரியனின் அலுவலாகவே இருந்தது. லூக்கா 5-இல் ஆண்டவர் குஷ்டரோகியைத் தொட்டுச் சொஸ்தமாக்கினார். அதன் பின்பும் அவனை ஆசாரியனிடம் போய்த் தன்னைக் காட்டும்படி அனுப்பினார். அற்புதம் பெற்றவனுக்கே பரிசோதனை வேண்டியிருந்தது என்றால், "விசுவாசிக்கு எதற்குச் சோதனை?" என்று கேட்க நாம் யார்?

ஆனால் நாம் செய்தது என்ன? ஆசாரியனின் பரிசோதனையை விட்டுவிட்டு, பாளயத்திற்குப் புறம்பே தள்ளுவதை மட்டும் வைத்துக்கொண்டோம். ஆண்டவரோ அவன் சுத்தமாகுமுன்னே அவனைத் தொட்டார். நாம் பரிசோதனை அறைக்கு வெளியே அமர்ந்திருப்பவனைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறோம்.

உங்களிடமிருந்து நான் அடிக்கடி கேட்கும் மூன்று சொற்களை இங்கே நிறுத்து விசாரிக்க விரும்புகிறேன்.

முதலாவது, "நம் ஊரில் அதெல்லாம் இல்லை." 1986-இல் இந்தியா முழுவதும் இதையே சொன்னது. அது மேல்நாட்டு நோய், நம் பண்பாட்டில் வராது என்றார்கள். அவ்வாண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும், சென்னையில் பாலியல் தொழிலில் சிக்கியிருந்த பெண்களின் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார்கள். சோதிக்கும் வசதி சென்னையில் இல்லாததால் நிர்மலா அவற்றை வேலூருக்கு எடுத்துச் சென்றார். ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது, இந்தியாவில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது அதுவே முதன்முறை. அச்சோதனை நடந்த இடம், மிஷனெரி ஐடா ஸ்கடர் 1900-இல் தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்த கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. சபையாரே, தேசம் கண்ணை மூடியிருந்தபோது கிறிஸ்துவின் பெயர் தாங்கிய ஒரு கூடத்தில் அதன் கண் திறந்தது. அந்த மரபில் வந்த நாம் இன்று கண்ணை மூடிக்கொள்வது எவ்வளவு வெட்கம்!

கோவை–திருச்சி சாலையில் இரவும் பகலும் லாரிகள் ஓடுகின்றன. பல்லடத்து விசைத்தறிகளையும் திருப்பூர்த் தையற்கூடங்களையும் நம்பி, குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு ஆயிரமாயிரம் பேர் இங்கே தங்கியிருக்கிறார்கள். தனிமை எங்கே உண்டோ அங்கே சோதனையும் உண்டு. உடனே சிலர், "வடநாட்டுப் பையன்கள் கொண்டுவருகிறார்கள்" என்கிறீர்கள். வேண்டாம். கிருமிக்கு மொழி இல்லை. 1986-இல் அது கண்டறியப்பட்டது நம் தமிழ் மண்ணில்தான்.

இரண்டாவது, "அது பாவத்தின் தண்டனை." யோவான் 9-இல் சீஷர்கள் பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று கேட்டார்கள். ஆண்டவர் அக்கேள்வியையே தள்ளிவிட்டார். நாம் அதே கேள்வியைப் பொறுக்கியெடுத்துத் துடைத்து வைத்திருக்கிறோம். நான் மேலே சொன்ன சகோதரி செய்த பாவம் என்ன? தாயின் வயிற்றில் தொற்றுப் பெற்ற குழந்தையின் பாவம் என்ன? விபச்சாரம் பாவமே, தாம்பத்திய உண்மையைப் பிரசங்கிப்பதில் நான் ஒரு படியும் இறங்கவில்லை. ஆயினும் பாவத்தை மன்னிக்க ஒருவர் உண்டு. கிருமியைக் கண்டறிய ஒரு சோதனை உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்காதீர்கள். மனந்திரும்பியவனின் இரத்தத்திலும் கிருமி இருக்கும். அவன் சோதித்துக்கொள்ளாவிட்டால், மன்னிப்புப் பெற்ற அவனே தன் மனைவிக்கு அதைக் கொடுப்பான்.

மூன்றாவது, "ஜெபத்தால் சுகமானேன், மாத்திரையை நிறுத்திவிட்டேன்." இச்சாட்சியைக் கூட்டங்களில் கைதட்டி வரவேற்கிறார்கள். நம் பிரசங்க பீடத்தில் அது ஒருபோதும் ஏறாது. 2 இராஜாக்கள் 20-இல் எசேக்கியா கண்ணீரோடு ஜெபித்தான், தேவன் கேட்டார், ஆயினும் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின்மேல் பற்றுப் போடச் செய்தான். ஜெபமும் பற்றும் ஒரே வீட்டில் இருந்தன. இன்று எச்.ஐ.வி.யை உடலிலிருந்து முற்றிலும் நீக்கும் மருந்து கிடையாது. அடக்கிவைக்கும் மருந்து உண்டு. பெரும்பாலோர்க்கு நாளொன்றுக்கு ஒரு மாத்திரை போதும். அதை ஒழுங்காக உட்கொண்டு, இரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாத நிலைக்குத் தாழ்ந்து நிலைத்திருந்தால், தாம்பத்திய உறவின் வழியாக அது துணைக்குப் பரவுவதில்லை. நிறுத்தினால் அது மீண்டும் பெருகும். மாத்திரையை நிறுத்தச் சொல்லுபவன் விசுவாசத்தைப் போதிக்கவில்லை, கொலைக்குத் துணைபோகிறான்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியவற்றை ஒளிவுமறைவின்றிச் சொல்லுகிறேன்.

தொற்றுக்கு இடமிருந்தது என்று ஐயமுள்ளவர்கள் நம்பிக்கை மையத்திற்குச் செல்லுங்கள். கட்டணமில்லை, முடிவை இரகசியமாகக் காப்பார்கள். தொற்று ஏற்பட்ட தொடக்க வாரங்களில் அது சோதனையில் தெரியாமற்போகலாம்; ஆகவே மூன்று மாதம் கழித்து மறுபடியும் வரச் சொன்னால் செல்லுங்கள். ஆசாரியனும் இரண்டாம் முறை பார்த்தான் அல்லவா? நேரில் செல்லுமுன் பேச விரும்புவோர் 1097 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

கர்ப்பிணிகள் எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டிற்கும் தொடக்கத்திலேயே சோதித்துக்கொள்ளுங்கள். சிகிச்சையின்றி விட்டால், தொற்றுள்ள தாய்மாரின் 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்றுப் பெறலாம். தக்க சிகிச்சையால் அதை 5-க்கும் கீழே குறைக்கலாம். அத்தனை குழந்தைகளை நம் வெட்கத்திற்குப் பலியிடுவதா?

மேகப்புண், வெட்டை நோய் முதலிய பால்வினை நோய்களை மறைக்காதீர்கள். பெண்களுக்குப் பலவேளை அறிகுறியே தெரியாது. ஆகவே கணவருக்கு நோயென்றால் மனைவிக்கும் சிகிச்சை வேண்டும். சிபிலிஸ் நோயைத் தொடக்க நிலையில் ஒரே பென்சிலின் ஊசியால் குணப்படுத்தலாம். புண்ணைக் கவனியாது விட்டால் அதன் வழியே எச்.ஐ.வி. எளிதில் நுழையும். பேருந்து நிலையச் சுவரில் விளம்பரம் ஒட்டிவிட்டு லாட்ஜில் அறையெடுத்துத் தங்கும் வைத்தியரிடம் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுக்கும் நம் பிள்ளைகள், இலவசமாய்ச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைக்குப் போவதில்லை. காரணம் என்ன? அங்கே நம்மில் ஒருவர் அவர்களைப் பார்த்துவிடுவார் என்ற பயமே.

தம்பதியரில் ஒருவருக்குத் தொற்றிருந்தால், மருத்துவர் சொல்லும் காலம்வரை ஆணுறை பயன்படுத்துங்கள். இதை ஒரு போதகர் எழுதலாமா என்பீர்கள். துணையின் உயிரைக் காப்பது திருமண உடன்படிக்கைக்கு உட்பட்டதே.

மணமக்களிடம் சான்றிதழ் கேட்டு வாங்கும்படி சிலர் எனக்கு ஆலோசனை கூறினீர்கள். நான் கேட்கமாட்டேன். ஒருவருடைய சம்மதமின்றிச் சோதிப்பதையும், அவர் நிலையை வெளியிடுவதையும், அதன் காரணமாக வேலையிலிருந்து நீக்குவதையும் தடுக்கும் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. மணமக்கள் இருவரும் தாமாக இசைந்து சோதித்து, ஒருவருக்கொருவர் உண்மை பேசட்டும். அத்தாளைப் பார்க்கும் உரிமை போதகருக்கும் இல்லை, பெரியப்பாவுக்கும் இல்லை.

திருவிருந்துப் பாத்திரத்தைக் குறித்தும் ஒரு வார்த்தை. ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணுவதால் எச்.ஐ.வி. பரவாது. கைகுலுக்குவதால், அருகில் அமர்வதால், ஒன்றாய்ப் பந்தியிருப்பதால் பரவாது. அச்சகோதரியின் வரிசையில் ஒருவரும் உட்காராமல் எழுந்து இடம் மாறினார்களே, அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்கவில்லை. அவர் வேறு ஊருக்குப் போனார். இன்றும் உயிரோடிருக்கிறார், மாத்திரை உட்கொள்கிறார், வேலை செய்கிறார். நாம் இழந்தது அவரை அல்ல, அவரோடு பந்தியிருக்கும் பாக்கியத்தை.

இனி, தொலைபேசியில் அழைத்த மூவருக்கும் என் விடை. மூத்தவரே, சபையின் பெயர் அந்தப் பெஞ்சில் கெடவில்லை. என் அடக்க ஆராதனைப் பொய்யில் கெட்டது. இரண்டாமவரே, யார் என்று கேட்காதீர்கள். கேட்கும் ஒவ்வொரு முறையும் ஒருவர் சோதனைக்குப் போகாமல் நின்றுவிடுகிறார். முதலாமவரே, உங்கள் அக்கறைக்கு நன்றி. ஒருவரையும் நான் அழைத்துச் செல்லவில்லை. என் சொந்த இரத்தத்தைக் கொடுக்கப் போனேன். உங்களைப் போகச் சொல்லுமுன் நான் போக வேண்டும் என்பதே காரணம்.

முடிவு என்னவென்று கேட்கிறீர்களா? கையில் வந்துவிட்டது. ஆனால் இங்கே எழுதமாட்டேன். "இல்லை" என்று எழுதினால் நீங்கள் நிம்மதியடைவீர்கள். நாளை "உண்டு" என்று அறிபவர் உங்கள் நிம்மதியைக் கண்டு அஞ்சுவார். ஆகவே எதுவாயினும் நான் உங்கள் போதகரே. அப்படியே நீங்களும், எதுவாயினும், இச்சபையின் அங்கத்தினரே.

ஜெபம்: குஷ்டரோகியைத் தொட்ட ஆண்டவரே, எங்கள் வெட்கத்தை எடுத்துப்போட்டு உண்மையை அறியும் தைரியத்தைத் தாரும். எங்கள் நாவுகளைக் காத்தருளும். மருந்துண்ணும் எங்கள் சகோதர சகோதரிகளுக்கு நீடித்த பெலன் தாரும். அவர்களைப் புறம்பே தள்ளிய எங்களை மன்னியும். ஆமென்.

உங்கள் ஊழியன்,
போதகர்