முகத்தில் மாட்டும் பெட்டி: இப்போது வாங்கலாமா?



மிதிவண்டி வேண்டும் என்று பிள்ளைகள் கேட்ட காலம் போய், கைப்பேசி வேண்டும் என்று கேட்ட காலமும் போய், இப்போது 'விர்ச்சுவல் ரியாலிட்டி' என்னும் மெய்நிகர் விளையாட்டுக் கருவி வேண்டும் என்று கேட்கும் காலம் நம் சிற்றூர்களுக்கும் வந்துவிட்டது. நீச்சல்காரர் அணியும் கண்ணாடியைப் பெரிதாக்கியது போன்ற ஒரு பெட்டி அது. முகத்தில் மாட்டி வாரை இறுக்கியதும் நம் கூடம் மறைந்து வேறோர் உலகம் தோன்றுகிறது. தலையைத் திருப்பினால் அந்த உலகமும் திரும்புகிறது. இரு கைகளிலும் பிடிக்கும் கட்டைகளைக் கொண்டு வாள் வீசலாம், பந்து அடிக்கலாம், மீன் பிடிக்கலாம். இதை வாங்கித் தரலாமா, தரலாமெனில் இப்போதா பிறகா என்பது சில இல்லங்களில் உண்மையான வழக்காகவே நடந்துகொண்டிருக்கிறது.

அப்படி ஒரு வழக்கு கிளியனூர்ப் பக்கத்திலிருந்து நம்மிடம் வந்தது. திண்டிவனம் – புதுச்சேரி நெடுஞ்சாலை ஓரத்தில் பஞ்சர் ஒட்டும் கடை வைத்து நடத்தும் குடும்பத் தலைவர் அவர். மூத்த மகள் நர்சிங் படிக்கிறாள். அவளது கட்டணத்துக்காக மனைவியின் வளையல்கள் அடகுக் கடையில் இருக்கின்றன. மகன் பதினோராம் வகுப்பு. தம்பி குடும்பம் பிரான்சு நாட்டில் குடியேறியது. புதுச்சேரிக்கு அண்மையில் உள்ள ஊர்களில் இது புதுமையன்று. வரும் விடுமுறைக்கு ஊர் திரும்பும் அந்தச் சித்தப்பா, பையன் ஆசையாகக் கேட்கவே, "நான் வாங்கி வருகிறேன், பாதிப் பணம் அப்பா தரட்டும்" என்று சொல்லிவிட்டார். தந்தை தயங்கினார். மகன் இரண்டு வாரமாகத் தந்தையோடு பேசுவதில்லை.

"சாமி, தம்பியிடம் பாதியைத் தர என்னால் ஆகாது, முழுதும் இனாமாக வாங்கிக்கொள்ளவும் மனம் ஒப்பவில்லை. பையன் முகத்தையும் பார்க்க முடியவில்லை. நீங்களே ஒரு வழி சொல்லுங்கள்" என்றார் தந்தை. அருகில் நின்ற தாய் சொன்னது வேறு: "இப்போதே அவன் அறைக்குள்தான் இருக்கிறான் சாமி. கண்ணையும் மூடிக்கொண்டால் அவனை நாங்கள் எங்கே தேடுவது?"

தாயின் சொல்லை எளிதாக ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. எனினும் மகன் கேட்பது கெட்ட பொருள் என்று முன்கூட்டியே தீர்ப்பளிப்பதும் நியாயமன்று. ஆதலின் முதலில் பொருளை அறிந்துகொள்வோம்.

இதன் அடிப்படை பழமையானது. இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரு படங்களைக் காட்டினால் ஆழம் தோன்றும் என்பதை இங்கிலாந்தில் வீட்ஸ்டன் என்னும் அறிஞர் 1838இலேயே விளக்கினார். நம்மில் ஐம்பதைக் கடந்தவர்கள் 1985இல் வந்த 'அன்னை பூமி' படத்தைக் கண்ணாடி அணிந்து பார்த்ததை நினைவு கூர்வர். அந்த இரு படங்களும் தலையின் அசைவுக்கேற்ப உடனுக்குடன் மாறுவதுதான் இப்போதைய வேறுபாடு. அமெரிக்காவில் பால்மர் லக்கி என்னும் இளைஞர் தொடங்கிய ஆக்குலஸ் நிறுவனத்தை 2014இல் ஃபேஸ்புக் ஏறத்தாழ 200 கோடி டாலருக்கு வாங்கியபின் இத்தொழில் சூடு பிடித்தது. 2016இல் ஆக்குலஸ் ரிஃப்ட், எச்.டி.சி. வைவ், சோனியின் பிளேஸ்டேஷன் வி.ஆர். என மூன்று கருவிகள் கடைக்கு வந்தன. முதலிரண்டுக்கும் விலையுயர்ந்த கணினி வேண்டும். சோனியினதற்கு அதன் விளையாட்டுப் பெட்டி வேண்டும். துணைக்கருவி எதுவுமின்றித் தானே இயங்கும் குவெஸ்ட் 2019இல் வந்தது. 2023 அக்டோபரில் குவெஸ்ட் 3 வெளிவந்தது, விலை 499 டாலர். 2024 அக்டோபரில் சற்று மலிவான குவெஸ்ட் 3எஸ், அமெரிக்காவில் 299 டாலருக்கும் ஐரோப்பாவில் ஏறத்தாழ 330 யூரோவுக்கும் வந்தது. நம் சிறுவன் கேட்டது இதைத்தான். அன்றைய மதிப்பில் ரூபாயில் 30 ஆயிரம் அளவு என்று கொள்க. ஆப்பிள் நிறுவனம் 2024 பிப்ரவரியில் 3,499 டாலருக்கு விற்ற கருவியைப் பற்றி நாம் பேச வேண்டியதில்லை.

இப்போதா, பிறகா? 1975 ஆகஸ்ட் 15இல் சென்னையில் தொலைக்காட்சி தொடங்கிற்று. 1982இல் ஆசிய விளையாட்டுகளையொட்டி வண்ண ஒளிபரப்பு வந்தது. அதற்குச் சற்றுமுன் கறுப்பு–வெள்ளைப் பெட்டி வாங்கியவர்கள் அவசரப்பட்டோமே என்று வருந்தியிருப்பர். ஆயினும் அந்தப் பெட்டி அதன்பின்னும் பல ஆண்டுகள் செய்தியும் ஒளியும் ஒலியும் காட்டிற்று. இந்தக் கருவியின் இயல்பு அப்படியன்று. விற்ற நிறுவனம் கைவிட்டால் அது மெல்ல ஊமையாகிறது. 2016இல் கூகுள் தொடங்கிய டேட்ரீம் 2019இல் முடிந்தது. 2018இல் வந்த ஆக்குலஸ் கோ விற்பனை 2020இல் நின்றது. 2019இல் வந்த முதல் குவெஸ்ட்டுக்கு இனிப் புதிய வசதிகள் இல்லை என 2023 தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டார்கள். அந்த நிறுவனத்தின் இப்பிரிவு 2024இல் மட்டும் 1,770 கோடி டாலர் நட்டம் காட்டிற்று. இவ்வளவு நட்டத்தில் நடக்கும் கடை என்றைக்கும் இதே முகத்தோடு இருக்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது. மறுபுறம், 2025 அக்டோபரில் சாம்சங் ஒரு கருவியை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் வால்வ் என்னும் நிறுவனமும் புதியதொன்றை அறிவித்தது. போட்டி வளர்கிறது. ஆகவே காத்திருப்பவருக்கு இழப்பு ஒன்றுமில்லை என்பது நம் அபிப்பிராயம்.

வெளிநாட்டில் வாங்கி வருவதில் மற்றொரு சிக்கல் உண்டு. 2023இல் குவெஸ்ட் 3 வெளிவந்தபோது அது விற்கப்படும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. இறக்குமதி செய்வோர் வழியாகவே பலர் வாங்கினர். பாரிசில் வாங்கிய கருவி கிளியனூரில் பழுதானால், அந்தச் சித்தப்பா அடுத்த முறை வந்து போகும்வரை பெட்டியில்தான் கிடக்கும். விளையாட்டுகளுக்கோ பெரும்பாலும் தனித்தனியே விலை உண்டு. இதைத் தந்தை அறிந்திருக்கவில்லை. கருவியோடு செலவு முடிந்தது என்று எண்ணியிருந்தார்.

இனி உடலைப் பற்றி. கண் 'நீ ஓடுகிறாய்' என்கிறது. காதினுள் இருக்கும் சமநிலை உறுப்போ 'நீ நிற்கிறாய்' என்கிறது. இவ்விரு சாட்சியங்களும் முரண்படுவதால் பலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் உண்டாகின்றன. மலைப்பாதைப் பேருந்தில் வாந்தி எடுப்பவர்கள் முன்னதாகவே எச்சரிக்கையாயிருப்பது நலம். மேலும், நாம் அருகிலுள்ள பொருளை நோக்கும்போது இரு விழிகளும் உட்புறம் திரும்புகின்றன, விழியின் வில்லையும் அதற்கேற்ப வளைகிறது. இக்கருவியிலோ விழிகள் திரும்பினாலும் படம் எப்போதும் ஒரே தொலைவில்தான் குவிகிறது. கண் அயர்வதற்கு இது ஒரு காரணம். நிறுவனமே பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஆகாது என்கிறது. 2023 வரை அந்த எல்லை பதின்மூன்றாக இருந்தது. அதைக் குறைத்தது பிள்ளைகளின் கண் வலுத்ததனால் அன்று என்பது எவருக்கும் விளங்கும்.

நன்மையே இல்லையோ எனில், உண்டு. தாளத்துக்கேற்பக் கட்டைகளை வீசும் 'பீட் சேபர்' போன்ற விளையாட்டில் அரைமணி நேரத்தில் சட்டை நனைய வியர்க்கும். நாற்காலியில் சாய்ந்து கைப்பேசி பார்ப்பதைவிட அது மேல். தீக்காயப் புண்ணுக்கு மருந்திடும் வேளையில் நோயாளிக்குப் பனியுலகம் ஒன்றைக் காட்டி வலியுணர்வைத் தணிக்கும் முறையை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கினர். நர்சிங் படிக்கும் மகளிடம் இதைக் கூறியபோது, தம்பியைவிட அவளே ஆர்வமாகக் கேட்டாள்.

பிள்ளைகளிடம் மற்றொன்றும் சொன்னோம். 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்தில் மணமான ஒரு தம்பதியர், மெய்நிகர் உலகில் வரவேற்பு நடத்தினர். மறைந்துவிட்ட மணமகளின் தந்தை உருவம் அங்கே தோன்றி வாழ்த்துவதுபோல் அமைத்திருந்தனர். அதைக் கேட்டு அந்தத் தாய் கண் கலங்கினார். அது நல்லதா அல்லதா என்று அவரும் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. நாம் சுட்ட வந்தது வேறு: விருந்தினர் கைப்பேசியிலும் கணினியிலும் இருந்தபடியே அதில் கலந்துகொண்டனர். அவ்வாறே, உரோமைப் புனித பேதுரு பேராலயத்தை 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்களால் உருவாக்கி வத்திக்கான் 2024 நவம்பரில் அறிமுகம் செய்த காட்சியையும் சாதாரண இணையத் திரையிலேயே காணலாம். முகத்தில் பெட்டி மாட்டினால்தான் புதிய உலகம் திறக்கும் என்பதில்லை.

தாயின் அச்சத்துக்கு வருவோம். அணிந்தவன் காணும் காட்சியைத் தொலைக்காட்சிக்கு அனுப்பிக் குடும்பமே பார்க்கும் வசதி இருக்கிறது. பெற்றோர் கட்டுப்பாட்டு அமைப்புகளும் இருக்கின்றன. ஆனால் பலர் கூடி ஆடும் அரங்குகளில் முன்பின் அறியாதவரின் குரல் பிள்ளையின் காதில் நேரே விழுகிறது. அவர் சிறுவரா, சிறுவர்போல் நடிப்பவரா என்பது தெரியாது. கைப்பேசியிலாவது தோளுக்குப் பின்னால் நின்று தாய் எட்டிப் பார்க்கலாம். ஆகவே வாங்கும் இல்லத்தில் ஒரு நிபந்தனை கட்டாயம் என்போம்: கருவி கூடத்தில் மட்டும், கதவடைத்த அறைக்குள் ஒருபோதும் இல்லை.

கூடத்தில் இடம் உண்டா? நடமாடி ஆட ஏறத்தாழ 2 மீட்டருக்கு 2 மீட்டர் வெற்றிடம் வேண்டும். அளந்து பார் என்று சிறுவனிடம் சொன்னோம். மறுநாள் கரிக்கட்டியால் கோடு போட்டுப் பார்த்திருக்கிறான். ஒரு பக்கம் நெல் மூட்டை, மறுபக்கம் பாட்டியின் கட்டில். "பாட்டியை எழுப்பினால்தான் ஃபாதர் இடம் வரும்" என்று அவனே சிரித்துக்கொண்டு வந்து சொன்னான். இரண்டு வாரத்துக்குப்பின் தந்தையும் மகனும் சேர்ந்து செய்த முதல் வேலை மூட்டையை நகர்த்திப் பார்த்தது. அப்போதும் அரை மீட்டர் குறைந்தது.

நம் முடிவை ஒளிக்கவில்லை: இக்குடும்பம் இப்போது வாங்க வேண்டாம். அடகில் இருக்கும் வளையல் முதலில் திரும்பட்டும். பையனின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடியட்டும். இதற்கிடையில் சென்னை செல்லும்போது, மணிக்கணக்கில் கட்டணம் வாங்கி இவ்விளையாட்டை ஆடவிடும் வணிக வளாகம் ஒன்றில் அவன் ஒருமுறை ஆடிப் பார்க்கட்டும். தலை சுற்றுகிறதா, ஒரு மணி நேரத்தில் சலிக்கிறதா என்பது சில நூறு ரூபாயில் தெரிந்துவிடும். 2023இல் ஜியோ நிறுவனம் கைப்பேசியைச் செருகிப் பார்க்கும் பெட்டி ஒன்றை 1,299 ரூபாய்க்கு விற்றது. அவ்வகையில் கை அசைவுக்கு இடமில்லை எனினும் ஆசையின் அளவை அறிய அதுவும் போதும். சித்தப்பாவிடம் மறுப்பைத் தந்தை சொல்வதைவிட மகனே சொல்வது நன்று என்றோம். அரை மனத்தோடு ஒப்புக்கொண்டான். முழு மனத்தோடு என்று எழுதினால் அவனே இப்பக்கத்தைப் படித்து நம்மைக் கேலி செய்வான்.

கடன் இல்லாத, இடமுள்ள, பதின்மூன்று வயதைக் கடந்த பிள்ளைகள் உள்ள இல்லத்தார் வாங்க விரும்பின் நாம் தடை சொல்லோம். தவணையில் மட்டும் வேண்டாம். மூன்றாம் மாதம் விளையாட்டு சலித்தபின்னும் ஒன்பது மாதத் தவணை நிற்கும். கண்ணாடி அணிபவர் அதனோடு பொருந்துகிறதா என்றும், இரு விழிகளுக்கிடையிலான தொலைவுக்கேற்பக் கருவியைச் சரிசெய்ய முடிகிறதா என்றும் பார்த்து வாங்குக.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒன்று. கருவியின் உட்புற வில்லைகள் மீது வெயில் நேரே படலாகாது. சிறுவர்கள் பூதக்கண்ணாடியால் காகிதத்தை எரிப்பதுபோல் அவ்வில்லைகள் கதிரவன் ஒளியைக் குவித்துச் சில நிமிடங்களில் உள்ளிருக்கும் திரையைச் சுட்டுவிடும். நம் ஊர் வெயிலுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். ஆடி முடித்ததும் சன்னல் மேடையிலோ திண்ணையிலோ வைக்காமல், வியர்வையைத் துடைத்து, துணியால் மூடி, பீரோவில் வைத்துவிடுங்கள்.