பின்னல் பொழுதுபோக்கா?

தேனிக்காரர் ஒருவர், படித்தவர், நல்ல உத்தியோகத்தில் இருப்பவர், என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். "எங்கள் தெருப் பெண்கள் ஒரு ஸ்வெட்டர் பின்னி முடித்துவிட்டால் போதும் ஸார், வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டுகிறார்கள். வெயில் ஊரில் கம்பளி எதற்கு? வேலையற்ற வேலை, அதற்குத் தம்பட்டம் வேறு!"

இது அவர் ஒருவருடைய அபிப்பிராயமாக இருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். நம்மில் பலருக்கும் இதே அபிப்பிராயந்தான்.

கம்பளி எதற்கா? கம்பம் பள்ளத்தாக்கின் இரு பக்கமும் மலை. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று எந்தப் பாதையில் ஏறினாலும் குளிர். ஏலத்தோட்ட வேலைக்கு விடியற்காலையில் ஜீப்பில் மலையேறுகிற பெண்களைக் கேளுங்கள், சொல்வார்கள். நண்பரின் மொட்டை மாடியில் குளிர் இல்லை என்பதால் மலையிலும் இல்லையென்று ஆகிவிடுமா?

வேலையற்ற வேலையா? ஒரு குழந்தைச் சட்டையின் முதுகுப்புறத்துக்கு வரிசைக்கு 70 கண்ணி, 90 வரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள். 6,300 கண்ணிகள். முன்புறமும் ஏறக்குறைய அவ்வளவு; கைகள் தனி. ஒரு கண்ணி நழுவினால் ஏணிப்படிபோல் கீழே வரை பிரிந்துகொண்டு போகும். கழுத்தில் கணக்குத் தப்பினால் பிரித்துவிட்டு மறுபடி பின்ன வேண்டும். சமையலும் பாத்திரமும் முடிந்த பிறகு நடக்கிற வேலை இது.

போடியில் ஏலக்காயைப் பருமனும் நிறமும் பார்த்து ஏலம் விடுகிறார்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடே கிடைத்தது. வீட்டுப் பெண்ணின் பின்னலுக்கு மட்டும் நாம் கொடுக்கும் மதிப்பு, 'பொழுதுபோக்கு' என்கிற ஒரு சொல்!

அந்தச் சொல் சாதுவானதல்ல. ஆந்திரத்து நரசாப்பூரில் பெண்கள் கொக்கி ஊசியால் பின்னிய லேஸ் வெளிநாடுகளுக்குக் கப்பலேறியது. அவர்களைப் பற்றி மரியா மீஸ் என்ற அம்மையார் 1982ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். மணிக்கணக்கில் உழைத்தவர்களை, 'வீட்டிலிருக்கும் பெண்கள், ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள்' என்று சொல்லியே கூலியை அமுக்கினார்கள் என்று அதில் காட்டினார். லாபம் வியாபாரிகளுக்குப் போயிற்று.

தம்பட்டம் என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். நான் ஒரு கதையை முடித்தால் பத்திரிகையில் அச்சேற்றி, பெயரும் போட்டு, ஊருக்கெல்லாம் காட்டுகிறேன். அதற்குப் பெயர் இலக்கிய சேவை! அவள் நாலு வீட்டில் காட்டினால் தம்பட்டமாம். காட்டுவதில்தான் கல்வியே நடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி சட்டையின் உட்புறத்தைத் திருப்பிப் பார்க்கிறாள். கழுத்து எப்படி வளைந்தது என்று தெரிந்துகொள்கிறாள். 2016ல் சென்னையில் பெண்கள் கூடி 11,148.5 சதுர மீட்டர் குரோஷே போர்வை செய்து கின்னஸில் இடம்பெற்றார்களே, அவர்களில் பலரும் இப்படித்தானே, ஒருத்தி காட்டி இன்னொருத்தி பார்த்துக் கற்றிருப்பார்கள்?

ஆகவே நண்பருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஸ்வெட்டர் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால், எத்தனை நாள் பிடித்தது என்று கேளுங்கள். உங்கள் பேரனுக்கு ஒன்று வேண்டுமென்றால் நூலுக்கும் பணம் கொடுங்கள், அந்த நாட்களுக்கும் கொடுங்கள். 'கடையில் மலிவாய்க் கிடைக்குமே' என்று மட்டும் சொல்லாதீர்கள். அது லூதியானாவில் இயந்திரம் பின்னியது. இயந்திரத்துக்குச் சமைக்கிற வேலை கிடையாது.