சிம்ப்ளானை அறிந்தோர் மாரிகுப்பத்தை அறியாததேன்?
ஆழ்சுரங்கப் பொறியியல் என்றதும், சுவிட்சர்லாந்தையும் இத்தாலியையும் இணைத்து 1906இல் திறக்கப்பட்ட சிம்ப்ளான் ரயில் சுரங்கப்பாதையைச் சான்று காட்டுவது நம் கல்விப்புல வழக்கம். ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளம். அதன்மேல் 2 கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த மலை. வெந்நீர் ஊற்றுகளும் பாறையழுத்தமும் அதைக் குடைந்தோரை வாட்டின. அப்புகழ் தகும்.

ஆனால், அதே காலத்தில் மாரிகுப்பத்தில் ரயிலிறங்கிய தமிழ்த் தொழிலாளரின் புகழ் எங்கே? பெரும்பாலும் தலித்துகளான அவர்களும் அவர்தம் வழித்தோன்றல்களும் கோலார் தங்கவயலை 3 கிலோமீட்டருக்கும் கீழே தோண்டினர். அழுத்தம் தாளாத பாறை திடீரெனச் சிதறிப் பலரைக் கொன்றது. தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988இல் தங்கவயலிலேயே தோன்றியதற்குப் பின்னால் அம்மரணங்கள் நிற்கின்றன.

2001இல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று ரிஷிகேஷ்–கர்ணபிரயாக் ரயில்பாதைக்காக இமயம் குடையப்படுகிறது. கருவி காட்டும் அளவு அறிவு, பாறையோடு வாழ்ந்தவன் சொல் வெறுங்கதை என்னும் பாகுபாட்டை அறிவியல் கற்பிக்கவில்லை, சாதி கற்பித்தது. முதிய தொழிலாளர் எஞ்சியிருக்கும்போதே அவர்தம் வாய்மொழியைத் தொகுக்காத ஆய்வுலகம், பாறையைப் பற்றிப் பாதியே அறியும்.