வழங்காக் காசு

காசென்பது கைம்மாறுதற்கென்றே ஆக்கப்பட்டது. கைம்மாறாத காசும் ஒரு காசோ என வினவுவார் பலர். எம்மூராகிய கிள்ளையில் வலைஞரும் உழவரும் ஒவ்வொரு காசையும் எண்ணிப் பார்த்தே செலவிடுவர். அன்னார் நடுவண் பிறந்த யாமும், ஒருநாளும் வழக்கிற்கு வாராத மாதிரி நாணயங்களைப் பெரும்பொருள் கொடுத்துத் தொகுப்பார் உளர் எனக் கேட்டபோது முதற்கண் நகைத்தேம். ஆராய்ந்தவிடத்து அந்நகை அடங்கிற்று.

புதுக்காசு வெளியிடக் கருதும் அரசு, அதன் உருவும் உலோகமும் எடையும் பொருந்துமா எனக் காண்டற்குச் சிலவற்றை முன்னர் அடித்துப் பார்க்கும். அவையே மாதிரி நாணயங்கள். நம் நாடு 1947-இல் விடுதலை பெற்ற பின்னரும் மன்னர் தலை பொறித்த காசுகளே வழங்கிவந்தன. 1950 ஆகஸ்டு 15-இல்தான் அசோகரது சிங்கத்தூண் முகப்பைத் தாங்கிய காசுகள் வெளிவந்தன. ரூபாயில் புலி நின்ற இடத்தை நெற்றுமுற்றிய கதிர்கள் பெற்றன. அதற்குமுன் 1949 என ஆண்டு பொறித்த மாதிரிகளும் உள. வழங்கிய காசு அரசின் முடிபினை மட்டுமே உரைக்கும். மாதிரியோ அம்முடிபிற்கு முன் எண்ணிய எண்ணங்களைக் காட்டும். புலவனொருவன் அடித்தும் திருத்தியும் எழுதிய கையேட்டை யாம் வீணென எறிவதில்லையன்றோ?

மேனாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. எட்டாம் எட்வர்டு மன்னர் 1936 டிசம்பரில் முடிதுறந்தார். அவருருவத்துடன் 1937-ஆம் ஆண்டிற்கென அமைத்த பொற்காசுகள் வெளிவரவில்லை. அவற்றுள் ஒன்று 2020-இல் பத்து இலட்சம் பவுண்டுக்கு விலைபோயிற்று.

இவ்விலையே இடருக்கும் வித்தாகின்றது. கல்கத்தா, பம்பாய் அக்கசாலைகள் பழைய அச்சுகளைக்கொண்டு சேகரிப்போர் பொருட்டுப் பின்னாளில் மீண்டும் காசுகள் அடித்தளித்ததுண்டு. அவ்வாறு அளித்தது குற்றமன்று. மறு அச்சினை முதலச்செனக் கூறி விற்றலே குற்றம். நாணயம் என்னும் சொல் நேர்மைக்கும் பெயராதலை விற்பாரும் வாங்குவாரும் மறவாதிருத்தல் வேண்டும்.

மற்றொன்றும் கூறுவோம். அரிய காசினைப் பேழையிற் பூட்டிவைத்துத் தானொருவனே கண்டு மகிழ்தல் தொகுப்பாகாது. காணாமற்போன வெள்ளிக்காசைத் தேடிக் கண்டெடுத்த பெண், அண்டை அயலாரை அழைத்து மகிழ்ந்தாள் எனத் திருமறை கூறும். தொகுப்பாரும் அவ்வாறே செய்க. தம் காசுகளை எழும்பூர் அருங்காட்சியகம் போன்ற இடங்களிலோ கல்லூரிகளிலோ ஆண்டிற்கொருமுறையேனும் காட்சிக்கு வைப்பாராக. கிள்ளைச் சிறுவனொருவன் அதனைக் கண்டு, தன் கையிலுள்ள ஒற்றை ரூபாய்க்கும் ஒரு வரலாறுண்டென உணர்வானாயின், அன்றே அவ்வழங்காக் காசு வழங்கியதாகும் என்பது எம் துணிபு.