விரலுக்குத் தெரியும் துணி

அமெரிக்காவில் துண்டுத்துணிகளை இணைத்து ‘குவில்ட்’ போர்வை தைப்பவர்களுக்கு 2025 கெட்ட ஆண்டு. 1943இல் ஒஹாயோவில் தொடங்கிய ஜோஆன் நிறுவனத்தின் சுமார் 800 துணிக்கடைகளும் மே மாதத்தோடு மூடப்பட்டன. ஹான்காக் என்ற இன்னொரு துணிக்கடைத் தொடர் 2016இலேயே போய்விட்டது. இனி இணையம்தான் கதி என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. திரையில் பார்த்த சிவப்பு வீட்டுக்கு வரும்போது வேறு சிவப்பு. நெசவின் நெருக்கத்தை விரல்தான் சொல்லும். ஊர்ச் சிறுகடையில் விலை சற்றுக் கூடுதல்தான். ஆனால் எந்த நிறத்தோடு எது சேரும் என்று சொல்ல அங்கே ஆள் உண்டு. ஒரு போர்வைக்கு மாதக்கணக்கில் உழைப்பவர், துணியில் நாலு டாலர் மிச்சம் பிடிப்பது கஞ்சத்தனம்கூட இல்லை, தப்புக் கணக்கு.