வெளுத்த வண்டி

நாற்பது வயதான அம்பாஸிடர் சற்று வெளுத்துவிட்டால் போதும், "சுரண்டிப் புதுப் பெயிண்ட் அடித்துவிடலாம், சார்!" என்கிறார் பட்டறைக்காரர். எதற்காக ஐயா? அந்தக் காலத்துப் பெயிண்டுக்கு மேல் பெரும்பாலும் நிறமில்லாத காப்புப் பூச்சு கிடையாது. வர்ணமே வெயிலில் காய்ந்து மாவாகிறது. விரலால் தடவினால் ஒட்டுகிறதே, அந்த மாவுதான் குற்றவாளி. ரப்பிங் காம்பவுண்டால் அதை மெல்ல எடுத்து மெழுகு பூசினால், அடியிலிருந்து பழைய நிறம் எழுந்து வருகிறது. ஓரங்களில் மட்டும் அழுத்தக் கூடாது. அங்கே பூச்சு மெலிசு. இரண்டு நாள் கை வலிக்கும், அவ்வளவுதான். உத்தர்பாராத் தொழிற்சாலை 2014-லேயே அம்பாஸிடரை நிறுத்திவிட்டது. அங்கே அடித்த பூச்சைச் சுரண்டினால் போனது போனதுதான். துரு அரித்த வண்டியைச் சுரண்டட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. வெறுமனே வெளுத்த வண்டி என்ன பாவம் செய்தது?